காங்கேயத்து வெயிலும் நியூட்டின் வயிறும்

காங்கேயம் பக்கத்துக் கொப்பரைக் களங்களில் காய் உடைக்கும்போது நடுவே ஒன்றிரண்டு ஏமாற்றிவிடும். வெளியே நன்றாக முற்றிய காய்தான். உடைத்தால் உள்ளே பருப்பே இருக்காது, இருந்தாலும் ஓட்டோடு ஒட்டிய மெல்லிய தோலாகத்தான் இருக்கும். விவசாயிகள் ஒல்லிக்காய் என்பார்கள். வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால், "தேரை பாஞ்ச காய், தூக்கிப் போடு" என்பார்கள். தேரை எப்படியோ உள்ளே புகுந்து பருப்பைத் தின்றுவிட்டதாம்.

பழியைத் தேரை சுமக்கிறது. குற்றம் மரத்தின் ஊட்டத்தில் இருக்கிறது. பொட்டாசியம், போரான் போன்ற சத்துகள் குறைந்தாலோ மகரந்தச் சேர்க்கை சரியாக நடக்காமல் போனாலோ காய் ஒல்லியாகிறது. தேரை நிரபராதி என்பதற்கு அதன் வாயே சாட்சி. தேரைக்குப் பல் கிடையாது. கடிக்கவோ சுரண்டவோ மெல்லவோ அதனால் முடியாது. கண்ணெதிரே அசைவதைத்தான் அது இரையாகவே மதிக்கும். உடைத்த தேங்காய்ப் பருப்பைத் தட்டில் வைத்து நீட்டினாலும் அதன் பக்கம் திரும்பாது.

அது உண்மையில் எப்படிச் சாப்பிடுகிறது என்று பார்க்க விரும்பினால், மழை பெய்து ஓய்ந்த இரவில் களத்து விளக்கின் அடியில் சற்று நேரம் நிற்க வேண்டும். வெளிச்சத்துக்கு வந்து விழும் வண்டுகளைத் தேடித் தேரைகள் வந்து உட்கார்ந்திருக்கும். ஒரு வண்டு நகர்ந்ததும் தேரை முதலில் உடம்பைத் திருப்பி அதற்கு நேரே வரும். முன்கால்களை ஊன்றித் தலையைச் சற்றுக் கவிழ்க்கும். சில சமயம் பின்கால் விரல் ஒன்று மட்டும் துடிக்கும். பிறகு வண்டு இருந்த இடம் காலி. நாக்கு வெளியே வந்து திரும்பியதை நம் கண் பிடிக்காது. ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம்கூட ஆவதில்லை.

தவளையினத்தின் நாக்கு வாயின் முன்பக்கம், கீழ்த்தாடையின் நுனியில் ஒட்டியிருக்கிறது. அதனால் அது மடிப்பு விரிந்து வெளியே விழுகிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் நிறுவனத்தில் அலெக்சிஸ் நோயல் குழுவினர் 2017-இல் வெளியிட்ட ஆய்வு, அந்த நாக்கு மனித நாக்கைவிடச் சுமார் 10 மடங்கு மென்மையானது என்று காட்டியது. எச்சிலின் வேலை அதைவிட விசித்திரமானது. நாக்கு இரைமேல் மோதும் கணத்தில் எச்சில் நீர்த்துப்போய்ப் பூச்சியின் சந்துபொந்துகளில் எல்லாம் புகுந்துவிடும். நாக்கு திரும்பும்போது கெட்டியாகி இரையைப் பிடித்துக்கொள்ளும்.

வாய்க்குள் இழுத்தாயிற்று, இவ்வளவு பிசுபிசுப்பான நாக்கிலிருந்து பூச்சியை எப்படிக் கழற்றுவது? அதற்குக் கண் உதவுகிறது. விழுங்கும் நேரத்தில் தேரை கண்ணை மூடிக்கொள்வதாக நமக்குத் தோன்றும். உண்மையில் கண்விழி இரண்டும் மண்டைக்குள் இறங்கி, வாயின் மேற்கூரையை அழுத்தி, இரையைத் தொண்டைப் பக்கம் தள்ளுகின்றன. கண்ணை உள்ளே இழுக்கும் தசையைச் செயலிழக்கச் செய்து 2004-இல் ஒரு சோதனை நடந்தது. சிறுத்தைத் தவளை ஒரு சிள்வண்டை விழுங்கச் சராசரியாக 2.3 முறை முயன்றுகொண்டிருந்தது. தசை செயலிழந்தபின் அதுவே 4 முறையானது. கண் இல்லாமலும் விழுங்கலாம், ஆனால் சிரமப்பட வேண்டும்.

மறுநாள் காலை களத்தோரம் கிடக்கும் தேரை எச்சத்தைக் குச்சியால் எடுத்து, ஒரு கிண்ணம் தண்ணீரில் கலைத்தால் இரவுச் சாப்பாட்டின் கணக்கு தெரியும். கறுப்பாய் மினுங்கும் வண்டுச் சிறகின் ஓடுகள், எறும்புத் தலைகள், முறிந்த கால்கள். சதையெல்லாம் கரைந்துவிட்டது, பூச்சியின் கடினமான மேல்தோடு வந்த வடிவிலேயே வெளியேறியிருக்கிறது.

தேரைக்கு ஒரு தூரத்துச் சொந்தம் உண்டு. அதன் பெயர் நியூட். இருவாழ்விகளில் மூன்று கிளைகள்: வாலில்லாத தவளையும் தேரையும், காலே இல்லாமல் மண்ணுக்குள் வாழும் சிசிலியன், வாலும் காலும் உள்ள சாலமாண்டர். இந்தச் சாலமாண்டர்களில் ஒரு பிரிவே நியூட். பல்லியைப் போன்ற உருவம், ஆனால் செதில் இல்லாத ஈரத்தோல். வால்பாறை மலைகளில் சிசிலியன் உண்டு. நியூட் தமிழ்நாட்டில் எங்கும் இல்லை. இந்தியாவில் அதைப் பார்க்க வேண்டுமானால் டார்ஜிலிங், சிக்கிம், வடகிழக்கு மலைகளுக்குத்தான் போக வேண்டும். ஜான் ஆண்டர்சன் 1871-இல் சீனாவின் யுன்னான் பகுதியிலிருந்து விவரித்த டைலோட்டோட்ரைட்டான் என்ற பேரினத்தைச் சேர்ந்தவை அவை. இமயமலைப் பகுதியில் இருப்பது தனி இனம் என்று 2015-இல் பிரித்துப் பெயரிட்டார்கள். டார்ஜிலிங் அருகே ஜோர்போக்ரி என்ற இடத்தில் இந்த விலங்குக்காகவே 1985-இல் ஒரு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு 0.04 சதுர கிலோமீட்டர், அதாவது சுமார் 10 ஏக்கர். கொங்கு நாட்டில் பல தோட்டங்கள் அதைவிடப் பெரியவை.

இமயமலை நியூட் பருவமழையோடு குட்டைகளுக்கு வந்து, இனம்பெருக்கி, புழு பூச்சிகளைத் தின்று, குளிர் தொடங்கியதும் கல்லுக்கும் மரத்துக்கும் அடியில் ஒடுங்கிவிடும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் உள்ள விலங்கு என்பதால் வீட்டில் வளர்ப்பது குற்றம். உலகெங்கும் கண்ணாடித் தொட்டிகளில் வளர்க்கப்படுபவை பெரும்பாலும் சீன, ஜப்பானிய நெருப்புவயிற்று நியூட்களும், மெக்சிகோவின் சோச்சிமில்கோ ஏரிப்பகுதியைச் சேர்ந்த ஆக்சலாட்டில் என்ற சாலமாண்டரும்தான்.

இவற்றை வளர்ப்பவர்களை எல்லா நாட்டிலும் ஓயாமல் வாட்டும் கவலை ஒன்றுதான்: "சாப்பிட மாட்டேன் என்கிறது." கூடவே வேறு சில: வயிறு உப்பியிருக்கிறது, விழுங்கியதைக் கக்குகிறது, எச்சமே போடவில்லை. உணவை மாற்றிப் பார்ப்பார்கள், மருந்து தேடுவார்கள். பெரும்பாலும் பார்க்க மறப்பது தண்ணீரின் வெப்பத்தை.

நமக்கு உடம்பு எப்போதும் 37 டிகிரி செல்சியஸ். நாம் உண்டது மார்கழியிலும் சித்திரையிலும் ஒரே வேகத்தில் செரிக்கிறது. இருவாழ்விக்குச் சொந்தச் சூடு கிடையாது. சுற்றிலும் என்ன வெப்பமோ அதுவே வயிற்றின் வெப்பம். பெரும்பாலான நியூட்களுக்கு 15 முதல் 20 டிகிரி வரை ஒத்துவரும். ஆக்சலாட்டிலுக்கு 16 முதல் 18. அதற்கு மிகவும் கீழே போனால் செரிமான நொதிகள் மந்தமாகிவிடும். வயிற்றில் கிடக்கும் புழுவை நொதி கரைப்பதற்குள் பாக்டீரியா அழுகவைத்துவிடும். வாயு சேர்ந்து வயிறு உப்பும். அதனால்தான் அனுபவம் உள்ளவர்கள் குளிர்கால உறக்கத்துக்கு விடும் முன்பே உணவை நிறுத்தி வயிற்றைக் காலியாக்குகிறார்கள்.

மேலே போனால் வேறு வகைச் சிக்கல். சூடு ஏறினால் நொதி வேகமாக வேலை செய்யுமே, நல்லதுதானே என்று கேட்கலாம். ஆனால் செரிமானத்துக்கு ஆக்சிஜன் வேண்டும். வயிறு நிறைந்த இருவாழ்வி, வெறும் வயிற்றோடு இருப்பதைவிட இருமடங்குக்கும் மேல் ஆக்சிஜன் கேட்கக்கூடும். அதில் கணிசமான பங்கை நியூட் தன் தோல் வழியாகத் தண்ணீரிலிருந்தே எடுக்கிறது. 15 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 10 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான். தேவை ஏறுகிறது, வரத்து குறைகிறது. இந்த நிலையில் சாப்பிட்டால் மூச்சுக்கே ஆபத்து. ஆகவே சூடான தண்ணீரில் நியூட் வாயை மூடிக்கொள்வதை நோய் என்று சொல்வதைவிடத் தற்காப்பு என்று சொல்வதே பொருந்தும். கட்டாயப்படுத்தி ஊட்டினால் கக்கிவிடும்.

இப்போது காங்கேயத்தை நினைத்துப் பாருங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் வறண்ட சமவெளி. சித்திரை வெயில் 38 டிகிரியைத் தொடும். ஓட்டு வீடானாலும் தார்சு வீடானாலும் உள்ளே ஒரு தொட்டித் தண்ணீர் மதியத்துக்குள் 30-ஐத் தாண்டிவிடும். டார்ஜிலிங்கில் கோடை உச்சத்திலேயே 20 டிகிரியை ஒட்டித்தான் வெயில். அந்த மாதிரி மலைநீரில் பழகிய வயிற்றை இங்கே கொண்டுவந்து வைத்துவிட்டு, என்ன உணவு கொடுக்கலாம் என்று யோசிப்பதில் பயனில்லை. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இயந்திரம் முதலில் வேண்டும். உணவு அதற்கு அடுத்தது.

வெப்பம் சரியாக இருந்தும் சிக்கல் வருவதுண்டு. தண்ணீருக்குள் இருக்கும்போது நியூட் நாக்கை நம்புவதில்லை. வாயைச் சட்டென்று திறந்து, தண்ணீரோடு சேர்த்து இரையை உறிஞ்சுகிறது. அழகுக்காகத் தொட்டியில் பரப்பிய சிறு கூழாங்கல்லும் புழுவோடு உள்ளே போய்விடும். கல் கரையாது, குடலில் அடைத்துக்கொள்ளும். ஆக்சலாட்டில் வளர்ப்பில் இது அடிக்கடி வரும் ஆபத்து. தலையைவிடப் பெரிய கல், அல்லது மிக நுண்ணிய மணல், அல்லது வெறும் கண்ணாடித் தரை என்று மூன்றில் ஒன்றைத் தேர்வது இதனால்தான். இதே நியூட் கரையேறி வாழும் பருவத்தில் உறிஞ்சுவதை விட்டுவிட்டு நாக்கால் பிடிக்கத் தொடங்கும். அந்த மாற்றக் காலத்தில் சில நாள் எதையும் தொடாமல் இருக்கலாம். வளர்ந்த, உடல்நலமுள்ள நியூட் ஓரிரு வாரம் சாப்பிடாவிட்டால் குடி முழுகிப் போகாது.

என்ன கொடுப்பது என்பதில் பலரும் மண்புழுவுக்கே முதலிடம் தருகிறார்கள். வளர்ப்புச் சிள்வண்டிலும் மாவுப்புழுவிலும் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. அவற்றையே தொடர்ந்து தின்னும் விலங்கின் எலும்பு மெலிந்து வளையும். மண்புழு அந்த வகையில் மேல். ஆனால் எந்த மண்புழு? மண்புழு உரத் தொட்டிகளில் வளர்க்கும் ஐசீனியா ஃபெட்டிடா என்ற செம்புழுவைச் சீண்டினால் மஞ்சள் நிறத்தில் நாற்றமடிக்கும் திரவத்தைக் கசியவிடும். நியூட் அதை வாயில் வாங்கி உடனே துப்பிவிடும். உரத் தொட்டிகளின் இன்னொரு வாசியான யூட்ரிலஸ் என்ற ஆப்பிரிக்க மண்புழுவைத் துண்டாக்கித் தந்தால் அதே நியூட் தின்னக்கூடும். "சாப்பிட மாட்டேன் என்கிறது" என்ற புகார் சில சமயம் புழுவின் சுவையோடு முடிந்துவிடும்.

இன்னொரு குறை இதைவிட ஆச்சரியமானது. அமெரிக்காவில் அழிவின் விளிம்பிலிருந்து காப்பாற்றி வளர்த்துவந்த வயோமிங் தேரைகள் இரையைக் குறிபார்த்து நாக்கை வீசும். நாக்கு படும், ஆனால் பூச்சி ஒட்டாது. மறுபடி வீசும், மறுபடி தவறும். பசியோடே மெலிந்துபோயின. பார்வைக் கோளாறு என்றுதான் யாருக்கும் தோன்றும். காரணம் வைட்டமின் ஏ குறைவு. அந்தச் சத்து இல்லாதபோது நாக்கில் பசையைச் சுரக்கும் திசு காய்ந்து, தோல்போலத் தடித்துவிடுகிறது. கண்ணும் குறியும் சரி; எச்சிலில்தான் பிசகு.

விழுங்கக் கூடாததை விழுங்கிவிட்டால் தவளையினத்துக்கு ஒரு கடைசி வழி இருக்கிறது. வயிற்றையே வாய்வழியாக வெளியே தள்ளும். உள்பக்கம் வெளியே தெரியும்படி அது தொங்கும். பிறகு முன்கையால் துடைத்துச் சுத்தம் செய்து மறுபடி விழுங்கிக்கொள்ளும். டோமியோ நைடோவும் ரிச்சர்ட் வாசர்சக்கும் இதைப் படம்பிடித்துப் பார்த்தபோது ஒரு ஒழுங்கு தென்பட்டது: துடைப்பது வலக்கைதான். வயிற்றை உடம்போடு கட்டியிருக்கும் சவ்வு ஒரு பக்கம் குட்டையாக இருப்பதால், வெளியே வந்த வயிறு வாயின் வலப்பக்கமாகவே சாய்கிறது. தேரைகள் ஏன் வலக்கைப் பழக்கம் உள்ளவை என்ற தலைப்பில் அவர்களின் கட்டுரை 1996-இல் நேச்சர் இதழில் வந்தது. இந்த வாந்திக்குச் சில பூச்சிகள் வலிந்தே காரணமாகின்றன. ஜப்பானில் ஷின்ஜி சுகியுராவும் டகுயா சாடோவும் 2018-இல் செய்த சோதனையில், தேரையின் வயிற்றுக்குள் போன வெடிவண்டு அங்கேயே சூடான ரசாயனத்தைப் பீய்ச்சியது. விழுங்கிய தேரைகளில் 43 விழுக்காடு வண்டைக் கக்கின. சில 12 நிமிடத்தில், சில 107 நிமிடம் கழித்து. வெளியே வந்த வண்டுகள் உயிரோடு நடந்து போயின.

நியூட்டால் தாங்க முடியாத இந்த வெயிலில் காங்கேயத்துத் தவளைகள் மட்டும் எப்படிப் பிழைக்கின்றன? கொறங்காடு என்று கொங்குக்காரர்கள் சொல்லும் மேய்ச்சல் நிலத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி கட்டாயம் வரும். கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும். காளைக்கன்றுகள் மேயும் காய்ந்த செம்மண். மாசி, பங்குனியில் அங்கே ஒரு தவளைகூடக் கண்ணில் படாது. மழை கொட்டிய இரவில் பார்த்தால் ஊரே கத்தும்.

அவை வேறெங்கும் போகவில்லை, காலடியில்தான் இருந்தன. உருண்டையாய் உப்பிய உடம்புள்ள பலூன் தவளைக்கும், வளைத்தவளைகள் எனப்படும் ஸ்ஃபீரோதீக்கா இனங்களுக்கும் பின்காலில் மண்வெட்டி போன்ற கெட்டியான புடைப்பு உண்டு. அதனால் பின்பக்கமாகவே மண்ணைத் தோண்டி இறங்கி, ஈரம் தங்கும் ஆழத்தில் உட்கார்ந்துவிடும். மாதக்கணக்கில் சாப்பாடு இல்லை. அந்த நாட்களில் வயிறு என்னவாகிறது என்பதை, இதே வாழ்க்கை வாழும் ஆஸ்திரேலியப் புதைதவளைகளிடம் ரெபெக்கா கிராம்ப், கிரெய்க் ஃபிராங்க்ளின் ஆகியோர் ஆராய்ந்தார்கள். உடம்பு செலவழிக்கும் ஆற்றல் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக்கூட இறங்கிவிடுகிறது. குடல் மெலிந்து, சிறுகுடலின் எடை பாதிக்கும் கீழே போகிறது. குடல் என்பது பராமரிப்புச் செலவு மிகுந்த உறுப்பு. அதன் உள்தோல் ஓயாமல் புதுப்பிக்கப்பட வேண்டும். நெல்வரத்து இல்லாத மாதங்களில் காங்கேயத்து அரிசி ஆலைக்காரர் கொதிகலனை அணைத்து, ஆட்களைக் குறைத்து, ஆலையைப் பூட்டிவைப்பதைப் போன்ற சிக்கனம் இது. மண்ணுக்குள் உறங்கும் தவளையினங்களில் குடல் இவ்வளவு ஆழமாக அடங்குகிறது என்பதையும், உறங்காத இனங்களில் அந்த அளவுக்கு அடங்குவதில்லை என்பதையும் அலபாமா பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் சீகர் பல இனங்களை ஒப்பிட்டுக் காட்டினார்.

திறப்பதற்கும் ஏற்பாடு இருக்கிறது. முதல் இரை உள்ளே போனதும் குடல் சில நாட்களுக்குள் மறுபடி வளர்ந்துவிடுகிறது. கொங்கு மண்ணில் அந்த முதல் இரை பெரும்பாலும் ஈசல். கோடை மழை பெய்து நின்றதும் புற்றுகளிலிருந்து ஈசல் கிளம்பும். அதே ஈரம்தான் தவளையையும் மேலே கூப்பிடும். மெல்லிய உடம்பு, நிறையக் கொழுப்பு. கடினமான ஓடு கிடையாது. மாதக்கணக்கில் பட்டினி கிடந்த வயிற்றுக்கு இதைவிட இதமான சாப்பாட்டைத் தேடிப்பிடிக்க முடியாது. நம் பாட்டிமார் வறுத்துப் பொரியோடு கலந்து தந்ததும் இதே ஈசல்தான்.

அந்த மழைக்குட்டையில் பிறக்கும் தலைப்பிரட்டை இன்னொரு படி மேலே போகிறது. அது பாசி தின்னும் உயிர். இலைதழை செரிக்க நீண்ட குடல் வேண்டும். ஒளி ஊடுருவும் வயிற்றின் வழியே, வட்ட வட்டமாகச் சுருண்ட குடலை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். தவளையாக மாறும்போது அது பூச்சி தின்னியாகிறது. அவ்வளவு நீளம் தேவையில்லை. ஜெனோபஸ் என்ற ஆப்பிரிக்கத் தவளையில் குடலின் நீளத்தில் முக்கால் பங்கு சுமார் ஒரு வாரத்தில் காணாமல் போகிறது. பழைய உள்தோல் செத்து உதிர, புதியது உருவாகிறது. அந்த நாட்களில் குட்டித்தவளை எதுவும் உண்பதில்லை; கரைந்துகொண்டிருக்கும் தன் வாலே அதற்குச் சாப்பாடு.

இருவாழ்விகளின் வயிறு இப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது: வெளியே உள்ள ஈரமும் வெப்பமும் உத்தரவு போட, உள்ளே குடல் திறக்கிறது, மூடுகிறது, சில சமயம் ஆளே மாறிவிடுகிறது. காட்டிலோ தோட்டத்திலோ இருக்கும்வரை, ஒத்துவராத இடத்தை விட்டு விலகிப்போகும் உரிமை அதற்கு உண்டு. தேரை பகலில் தண்ணீர்த் தொட்டியடியில் ஒடுங்குகிறது. பலூன் தவளை மண்ணில் இறங்குகிறது. இமயமலை நியூட் கல்லடியில் புகுகிறது. கண்ணாடித் தொட்டி அந்த ஒரு வழியை அடைத்துவிடுகிறது. அதன்பின் மழையையும் மண்ணையும் நிழலையும் வளர்ப்பவர்தான் தர வேண்டும். நியூட்டின் செரிமானக் கோளாறு என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்தப் பொறுப்பில் ஏற்பட்ட ஓட்டைதான்.

பொறுப்பில் காகிதப் பகுதியும் சேர்ந்திருக்கிறது. ஆக்சலாட்டில் சர்வதேச வனவிலங்கு வணிக ஒப்பந்தமான சைட்டிஸின் இரண்டாம் பட்டியலில் உள்ளது. டைலோட்டோட்ரைட்டான் இனங்கள் 2019-இல் அதே பட்டியலில் சேர்ந்தன. இத்தகைய வெளிநாட்டு விலங்குகளை வைத்திருப்பவர்கள் மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் விதி வந்துவிட்டது. பிறப்பு, இறப்பு, கைமாற்றம் எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு.

காங்கேயத்தில் இருந்துகொண்டு இருவாழ்விக்குச் சோறு போட ஆசைப்படுபவர்களுக்குச் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. கிணற்றடியிலோ கொல்லையிலோ ஒரு மூலையை எப்போதும் ஈரமாக, இலைதழையோடு விட்டுவையுங்கள். அந்தப் பக்கம் பூச்சிமருந்து அடிக்காதீர்கள். மருந்து பட்ட பூச்சியைத் தேரை அப்படியே விழுங்கும். அதற்கு நிறம், நாற்றம் பார்த்து ஒதுக்கும் வழக்கம் குறைவு. ஏற்கெனவே நியூட்டோ ஆக்சலாட்டிலோ வாங்கிவிட்டவர்கள், அடுத்தமுறை அது சாப்பிட மறுக்கும்போது புழு டப்பாவைத் திறப்பதற்கு முன் தொட்டிக்குள் வெப்பமானியை விட்டுப் பாருங்கள். 22-க்கு மேல் காட்டினால் உணவை நிறுத்துங்கள், தண்ணீரை மெல்ல மெல்லக் குளிர்வியுங்கள், இரண்டு நாள் பொறுங்கள். குளிர்ந்தபின்னும் சாப்பிடாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோகலாம். அவரும் தண்ணீர் எத்தனை டிகிரி என்றுதான் முதலில் கேட்பார்.